தூண்டிலுக்குப் போன பெருங்காயம்

2018 அக்டோபரில், பட்டாசில் பேரியம் உப்பு கூடாது, சரவெடியும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீபாவளி முடிந்த கையோடு சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸ்கள் கதவைச் சாத்திவிட்டன. (எங்கள் ஊர்களில் ஆலை என்று யாரும் சொல்வதில்லை. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ்தான்!) மறு வருஷம் மார்ச் வாக்கில் திறக்கும் வரை என் வீட்டுக்காரர் வீட்டோடு. வாரக் கூலி நின்று போனது ஒரு கவலை. ஆண்பிள்ளை பகல் பூராவும் அடுக்களையை எட்டிப் பார்த்துக் கொண்டிருப்பது இன்னொரு கவலை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

"மீன் வாங்கக் காசில்லேன்னா என்ன, கண்மாயில தண்ணி கெடக்கு. கெண்டை பிடிச்சுட்டு வாரேன். தூண்டிலுக்குச் செலவே கிடையாது, பிள்ளே" என்றார்.

செலவே கிடையாதாம்! முதல் வாரமே மைதா டப்பா காலி. மாவு தண்ணீரில் கரைகிறது என்று, அத்தை விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சைப் பிய்த்து மாவோடு சேர்த்துப் பிசைந்தார். அத்தை பிடித்த பிடியில் அன்றைக்கு மாட்டியது மகன்தான், மீன் இல்லை. அடுத்து, எண்ணெய்ப் பரோட்டா. விருதுநகர்க்காரர்களுக்கே ஆசையான பண்டமாயிற்றே, மீன் விடுமா என்று கணக்கு. கரையில் பிரித்து வைத்ததைக் காக்காய் கொத்திக்கொண்டு போனது. அப்புறம் என் கட்டிப் பெருங்காயம். கெண்டைக்கு மோப்பம் அதிகம், வாசனை பிடித்து வரும் என்று எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னாராம். மோப்பம் அதிகம் என்பது மெய்தான். அதற்காக ரசத்துக்கு வைத்திருந்ததையா?

இதற்கெல்லாம் பலனாக வந்தது நாலு ஜிலேபிக் கெண்டை. பெயரில்தான் கெண்டை, அது கெண்டை ஜாதியே இல்லை. 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டு வந்து விட்ட திலேப்பியா.

சிரித்துக் கொண்டிருந்த என்னை ஒருநாள் தூக்கிவாரிப் போட்டது. "ஆபீஸ்ல காகிதம் ஒட்டுற பசை ஒரு வாளி மிச்சம் கெடக்கு, அதுவும் மைதாதானே" என்று அண்ணாச்சி தூக்கி வந்துவிட்டார். பூச்சி அரிக்காமல் இருக்க அந்த மாதிரிப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. விஷம்! "அண்ணாச்சி, முள்ளுல மாட்டுறது மீன் வயித்துக்குப் போகும், மீன் எம்பிள்ளைக வயித்துக்கு வரும். வாளியை எடுத்துட்டுப் போங்க" என்று வாசலிலேயே மறித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இருக்கட்டும்.

கடைசியில் வழி காட்டியது அத்தை. "மாட்டுக்கு வைக்கிறதை வச்சுப் பாரேண்டா!" செக்குக்கும் எண்ணெய்க்கும் பேர் போன எங்கள் பக்கம் கடலைப்புண்ணாக்குக்கு என்ன பஞ்சம்? மீன் பண்ணைகளில் கெண்டைக்குப் போடும் தீனியே தவிடும் கடலைப்புண்ணாக்கும் சரிபாதிதான். புண்ணாக்கை ராத்திரி ஊறவைத்து, தவிடு சேர்த்து, பிடிமானத்துக்கு ஒரு கை வெந்த சோற்றை மசித்து நெல்லிக்காய் அளவு உருட்டினோம். தக்கையையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். மூன்றாம் நாள் ஒரு மிர்கால் வந்தது. வீட்டில் ஐந்து பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். மாதக்கணக்கில் கடன் சொல்லி அரிசி வாங்கிய வீட்டில் அது விருந்து.

கண்மாய் மீனில் மண்வாடை அடிக்கும். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, புளித்தண்ணீரில் சற்று நேரம் ஊறவிடுங்கள்; வாடை அடங்கும். கெண்டைக்குப் பொடிமுள் ஜாஸ்தி. குழந்தைகளுக்கு வயிற்றுப் பக்கத்துச் சதையை விரலால் தடவிப் பார்த்து ஊட்டுவதுதான் சரி.

ஆபீஸ் திறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறார். பெருங்காய டப்பாவை மட்டும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.