ஒற்றன் உரைத்த பொய்

நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் மார்கழி விடியல் கொடியது. அத்தகைய விடியல் ஒன்றில், ஐந்து மணியளவில், அண்டை வீட்டார் என் கதவைத் தட்டினர். அவர்தம் ஐந்து வயதுப் பேரன் மூச்சுத் திணறித் துடித்துக்கொண்டிருந்தான். யான் சாவியை எடுத்துக்கொண்டு காருக்கு விரைந்தேன். 2004-ஆம் ஆண்டில் வாங்கிய அக்கார் அன்று என்னைக் கைவிட்டது. சாவியைத் திருப்புந்தோறும் எஞ்சின் சுழன்றது, ஆயினும் உயிர்பெறவில்லை. கால் மணி நேரம் வீணாயிற்று. காய்கறி ஏற்றிய வண்டி ஒன்று தற்செயலாக அவ்வழியே வந்தது. அதில் சிறுவனை ஏற்றி மருத்துவமனை சேர்த்தோம். அவன் பிழைத்தான். எனினும், அந்தக் கால் மணி நேரம் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அக்குறை அன்று புதிதாகத் தோன்றியதன்று. நண்பகலில் ஒரே திருப்பில் கிளம்பும் கார், ஒரு மாதமாகவே விடியலில் மட்டும் அடம்பிடித்து வந்தது. ஒருவர் பாட்டரி பழுது என்றார், அதனை மாற்றினேன். மற்றொருவர் பிளக்குகள் பழுது என்றார்; அவற்றையும் மாற்றினேன். பணம் கரைந்தது; குறை கரையவில்லை.

பின்னர் மெக்கானிக் இளைஞர் ஒருவரை நாடினேன். அவர் உடனே எதனையும் கழற்றவில்லை. "நோய் விடியலில் வருகிறது, அதனை விடியலில்தான் பார்க்க வேண்டும். நாளை நான் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள், ஐயா" என்று கூறிச் சென்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு வந்தார். காற்றின் வெப்பம் 9 பாகையாக இருந்தது. சிறு கருவியொன்றைக் காரில் இணைத்துச் சாவியைப் பாதி திருப்பினார். "எஞ்சினைச் சூழ்ந்த நீர் 78 பாகை சூடாக இருப்பதாக இக்காரின் கணிப்பொறி எண்ணுகிறது. எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், ஐயா" என்றார். தொட்டேன், பனிக்கட்டிபோல் குளிர்ந்தது.

"முகப்பிலுள்ள முள் குளிர் என்றுதானே காட்டுகிறது, தம்பி?" என்று வினவினேன்.

"முள்ளுக்குச் செய்தி தரும் உணரி வேறு, கணிப்பொறிக்குத் தரும் உணரி வேறு. இக்காரில் இரண்டும் தனித்தனி" என்று அவர் விளக்கினார்.

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதன்று. ஆவியாகிக் காற்றுடன் கலந்தே எரியும். குளிரில் அதன் சிறு பகுதியே ஆவியாகும். ஆதலின், குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலை மிகுதியாகத் தெளித்தல் வேண்டும். சூடேறிய பின் அளவைக் குறைத்தல் வேண்டும். இவ்வளவை முடிவு செய்வது கணிப்பொறி. அதற்கு வெப்பநிலையை உரைப்பது உணரி. உணரியினுள் இருக்கும் பொருள் சூடேற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் இயல்பினது. இவ்வியல்பை 1833-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் வெள்ளி சல்பைடு என்னும் பொருளிடத்துக் கண்டறிந்தார்.

இளைஞர் உணரியின் இணைப்பைக் கழற்றினார். உடனே கருவி கடுங்குளிரைக் காட்டியது. ஆகவே கம்பியிலும் கணிப்பொறியிலும் பழுதில்லை என்று தெளிந்தார். பின்னர் உணரியின் மின்தடையை அளந்தார். அக்குளிரில் 3,000 ஓமுக்கு மேல் இருக்க வேண்டிய தடை 350 ஓமாகவே இருந்தது. அதன்பின்னரே புதிய உணரியைப் பொருத்தினார். குறைந்த நீரை நிரப்பினார். "எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும்" என்று எச்சரித்தார். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் முழங்கியது.

கணிப்பொறி தவறு செய்யவில்லை. தனக்குக் கிடைத்த செய்திக்கு ஏற்ற முடிவையே செய்தது. செய்திதான் பொய். திருக்குறளில் ஒற்றாடல் என்னும் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டு அறிதல் வேண்டும் என்பது அதில் வள்ளுவர் கூறும் நெறி. அந்த இளைஞர் செய்தது அதுவேயன்றோ? உணரி சொன்னதைக் காற்றின் வெப்பத்தோடும், கையின் உணர்வோடும், மின்தடையின் அளவோடும் ஒப்பிட்ட பின்னரே அவர் முடிவுக்கு வந்தார்.

அவ்வதிகாரத்தை யான் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியுள்ளேன். எனினும், ஒருமுறை நூலகப் புத்தகத்தைக் கிழித்தவன் இன்னான் என்று ஒரு மாணவன் கூறியதை அப்படியே நம்பி, குற்றஞ்சாட்டப்பட்டவனை நாள் முழுதும் வெளியே நிறுத்தினேன். அவன் ஏதோ சொல்ல முயன்றான். யான் செவி கொடுக்கவில்லை. அவன் குற்றமற்றவன் என்பது ஒரு திங்கள் கழித்தே தெரிந்தது. அதற்குள் அவன் பள்ளியை விட்டு நின்றிருந்தான். அவன் வீட்டிற்குச் சென்றேன். குடும்பத்துடன் வேற்றூர் சென்றுவிட்டான் என்றனர்.

காரின் உணரியை மாற்ற ஒரு மணி நேரம் போதுமானதாயிற்று. அச்சிறுவனிடம் ஒரு சொல் கேட்க அரை நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும். மாணவர்களே, பிறர்மீது ஒருவர் கூறும் குறை உங்கள் செவிக்கு எட்டும்போது, முடிவு செய்யுமுன் மற்றொரு சான்றைத் தேடுங்கள்.