ஆய்வு வரம்பு

என்னிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது. பெயர், பட்டம், அதற்குக் கீழே 'ஆலோசகர்'. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு கடையில் செய்து வாங்கியது. மூன்று தடவைதான் உபயோகித்திருக்கிறேன். அதில் ஒரு தடவையைப் பற்றி எழுதியாக வேண்டும்.

பதினைந்து வருஷம் இருக்கும். கல்லூரியில் ரசாயனம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் விஸ்தரிப்புக்காக எங்களில் நாலு பேரை ஒரு குழுவில் போட்டார்கள். கார் வந்தது. மத்தியானச் சாப்பாடு வந்தது. அமர்வுக்கு இவ்வளவு என்று படியும் வந்தது. எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீர் அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா?

கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தருகே ஒரு மீனவரின் படகில் போனோம். நாங்கள் பாட்டில்களில் தண்ணீர் பிடித்தோம். அவர் கழியை ஊன்றினார். முழங்கால் ஆழம், அதற்குக் கீழே சாம்பல்.

"முந்தி இங்க கழி எட்டாது சார். எறா கெடந்த எடம் இது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதையும் எழுதுவீங்க இல்ல?" என்று கேட்டார்.

அது நமது வரம்பில் இல்லை என்றார் குழுத் தலைவர். எங்களிடம், இங்கிலீஷில்.

பாட்டில் தண்ணீர் அளவுக்குள்தான் இருந்தது. அப்படியே எழுதினோம். அறிக்கையில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

பொய் சொல்லும் ஆலோசகர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான் பார்த்தவரை அவர்கள் கொஞ்சம் பேர்தான். நம்மில் பெரும்பாலோர் உண்மையே சொல்கிறோம், கேட்ட கேள்விக்கு மட்டும். படி கொடுப்பவர் கேள்வியையும் கொடுத்துவிடுகிறார். யூனிவர்ஸிடியின் பெயர் பதிலைவிட அந்தக் கேள்விக்குத்தான் கௌரவம் சேர்க்கிறது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னது ஞாபகம் வருகிறது. வயலில் புகுந்த யானையின் வாய்க்குப் போவதைவிடக் காலில் மிதிபட்டு அழிவது அதிகம் என்றார். வரிக்கணக்கைச் சரிபார்த்துத் தந்துவிட்டு அவர் திரும்பிவிடவில்லை. வயலைப் பற்றிப் பேசினார்.

எண்ணூரின் வயல் அந்தக் கழிமுகம். 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சாம்பல் கேட்டுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கி, கழிமுகத்தை மீட்கச் சொன்னது. வழக்கைக் கொண்டுபோனவர் ஒரு மீனவர். அதிலும் நிபுணர் குழு இருந்தது. எங்களைப் போன்று படித்தவர்கள்தான். ஆனால் அவர்களிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டார்கள். கேள்வி மாறியதும் சாம்பல் கண்ணில் பட்டுவிட்டது.

எப்போதும் இப்படி நடப்பதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மிக்ஜாம் வெள்ளத்தில் மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெய் அப்போதுதான் கழிமுகமெங்கும் படிந்திருந்தது. மூச்சு முட்டிக் குழந்தைகளோடு தெருவுக்கு ஓடிவந்தவர்கள் கேட்டது, இந்த ஆலை இங்கே இருக்கலாமா என்று. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு ஆராய்ந்தது, குழாய் எப்படிக் கசிந்தது என்று. குழாயை மாற்றச் சொன்னது. சரியான யோசனைதான். தெருவில் நின்றவர்களின் கேள்வி தெருவிலேயே நின்றது.

அந்த நாலு பேரில் ஒருவராவது, 'நாங்கள் கழியை ஊன்றிப் பார்த்தோம், ஆழமில்லை' என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அடுத்த குழுவில் அவரைப் போட்டிருக்க மாட்டார்கள். நஷ்டம் அவ்வளவுதான். அதைக்கூட நான் கொடுக்கத் தயாராக இல்லை.

படகுக்காரர் சொன்னதை இப்போது எழுதிவிட்டேன். இதற்கு முத்திரை இல்லை.