இருபது எம்.எம். ஓட்டை

“என்ன ஓட்டைங்க போடணும்? எதுலீங்க போடறீங்க?” மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி இது.

கோவை ஆவாரம்பாளையத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. பழைய டிரில்லிங் மிஷின்களை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டி விற்பது அவர் தொழில். நாற்பது வருஷமாக இதே வேலை. என்னை அங்கே அழைத்துப் போன நண்பர், அன்னூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடம் இப்போது அவருடைய பட்டறை. சுற்றுவட்டாரத்து டிராக்டர் கலப்பைகள் பழுதானால் அங்கேதான் வருகின்றன. கொழுவைப் பிடிக்கும் 12 மி.மீ. கனப் பட்டைகளில் 16, 20 மி.மீ. துளை போட வேண்டியிருக்கிறது. ஹேண்ட் டிரில்லை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் முன்பு, துளை மறுபக்கம் வெளியேறும் நேரத்தில் பிட் இரும்பைக் கவ்வி நின்றுவிட்டது. பிட் நின்றதும் டிரில் சுழன்றது. மணிக்கட்டும் கூடவே திரும்பியது.

“இருபதா? அப்ப ஆறு நூலுக்கு மேலீங்க” என்றார் மேஸ்திரி. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். ஆறு நூல் முக்கால் அங்குலம், 19 மி.மீ.க்குச் சற்று மேல். பட்டறைக்காரர்களின் விரலும் கண்ணும் இன்னும் நூலில்தான் அளக்கின்றன.

நண்பர் ஏற்கெனவே ஒரு கடையில் புது மிஷின் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். பெயர்ப்பலகையில் 25 எம்.எம்., 1 எச்.பி. என்று போட்டிருந்ததாம். செல்போனில் படத்தைக் காட்டினார். மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். அவர் விரல் மோட்டாரையும் பெயர்ப்பலகையையும் தாண்டி நேரே தூணில் போய் நின்றது.

“தூண் எத்தனை பருமனுங்க?”

நண்பருக்குத் தெரியவில்லை. மேஸ்திரி பட்டறையின் மூலைக்கு அழைத்துப் போனார். யாரோ மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போன மெலிந்த மிஷின் ஒன்று அங்கே நின்றது. பக்கத்தில் பச்சை பெயின்ட் உரிந்த பழைய பில்லர் டிரில். காலிப்பரை வைத்தார். மெலிந்ததன் தூண் 60 மி.மீ., பழையதன் தூண் 80. “இருபது எம்.எம்.தானே வித்தியாசம்னு நினைப்பாங்க” என்றார்.

வாத்தியாருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து இரும்பு மேசை மேலேயே கணக்குப் போட்டார். உருண்டைத் தூணின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியாக ஏறுகிறது. 80-ஐ 60-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கினால் மூன்றுக்கு மேல் வருகிறது. பார்வைக்குச் சற்றே பருத்த தூண், வளையாமல் நிற்பதில் மும்மடங்கு. மேஸ்திரி அந்தக் கணக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு நாற்பது வருஷமாகத் தெரிந்திருந்த விஷயம்.

பிறகு கண்ணெதிரே நிரூபித்தும் காட்டினார். ஸ்பிண்டிலுக்கும் மேசைக்கும் நடுவே ஒரு வேலமரக் கட்டையை நிறுத்தினார். காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, அதன் முனையை மேசை விளிம்பில் தொடவைத்தார். கைப்பிடியை முழு பலத்தோடு இழுத்தார். மெலிந்த மிஷினில் டயல் முள் நாற்பது கோடு ஓடியது. ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பழைய மிஷினில் அதே கை, அதே இழுப்பு. முள் எட்டுக் கோட்டில் நின்றது. பெரிய பிட்டை இரும்பில் அழுத்தும்போது மேசை கீழே போகிறது, தலை மேலே எழும்புகிறது, தூண் பின்னால் சாய்கிறது. துளை கோணலாவது அங்கேதான். மோட்டார் எத்தனை குதிரைச் சக்தியாக இருந்தாலும் இந்தக் கோணலை நிமிர்த்தாது.

அடுத்தது வேகம். சாதாரண இரும்பில் ஹைஸ்பீட் பிட்டின் விளிம்பு நிமிஷத்துக்கு 25 மீட்டர் அளவில் ஓடினால் போதும். 6 மி.மீ. பிட்டுக்கு அது 1,300 சுற்று. 20 மி.மீ. பிட்டுக்கு 400 சுற்றுதான். மோட்டார் ஓடுவதோ 1,440. புல்லியின் படிகளில் பெல்ட்டை மாற்றி மாற்றி இதைக் கீழே இறக்க வேண்டும். வீட்டுக்கென்று விற்கும் சிறு மிஷின்கள் பலவற்றில் கடைசிப் படியே 500-க்கு மேல். அதில் பெரிய பிட்டைப் போட்டால் முனை நீலம் பாய்ந்து, பத்தே துளையில் மழுங்கிவிடும். கடையில் விலை கேட்பதற்கு முன்னால் மிகக் குறைந்த வேகம் எது என்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராத கடையில் கனரக மிஷின் வாங்க எனக்குத் தைரியம் வராது.

மேஸ்திரி பச்சை மிஷினின் ஸ்பிண்டிலுக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். அது கூம்பு வடிவக் குழி. பெரிய பிட்டுகளுக்கு வால் கூம்பாகவே வரும். குழியில் செருகி ஒரு தட்டுத் தட்டினால் கவ்விக்கொள்ளும். மோர்ஸ் டேப்பர் என்று பெயர். அமெரிக்காவில் 1863-ல் முறுக்கு டிரில்லுக்குக் காப்புரிமை வாங்கிய ஸ்டீபன் மோர்ஸின் பெயர் ஆவாரம்பாளையத்துச் சந்தில் ‘எம்.டி. டூ’, ‘எம்.டி. த்ரீ’ என்று நாள் முழுக்கப் புழங்குகிறது. 20 மி.மீ. பிட்டின் வால் எம்.டி. 2, 23-க்கு மேல் போனால் எம்.டி. 3. குழி மூன்றாம் நம்பராக இருந்தால் ஸ்லீவ் போட்டு இரண்டாம் நம்பரையும் மாட்டலாம். விரலில் தட்டுப்பட்ட ஒரு கீறலை மேஸ்திரி எங்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நகக்கண்ணில் மட்டும் உணர முடிகிற கீறல். யாரோ எப்போதோ பிட்டைச் சரியாகச் செருகாமல் சுழல விட்டதன் தழும்பு. “இதை ரீமர் விட்டு எடுத்துரலாமுங்க. ஆழமா இருந்தா ஸ்பிண்டிலையே மாத்தோணும்.”

மோட்டார் விஷயத்தில் எதிர்ப் பட்டறைக்குப் போனோம். அங்கே காயில் கட்டும் அக்கா ஒருவர் செம்புக் கம்பியை ஸ்டேட்டர் காடிகளில் செருகிக்கொண்டிருந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. இந்த ஊரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் மோட்டார் செய்து தொடங்கி வைத்த வேலை, இன்று இப்படிச் சந்து சந்தாகப் பெண்களின் விரல்களில் நடக்கிறது. பழைய மிஷினில் இருந்தது த்ரீ ஃபேஸ் மோட்டார். நண்பர் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. தோட்டத்தில் த்ரீ ஃபேஸ் இருக்கிறதே என்றேன். அந்த இலவச மின்சாரம் தண்ணீர் இறைக்க மட்டும் கொடுத்தது, பட்டறைக்கு இழுக்க மாட்டேன் என்று நண்பர் முடித்துவிட்டார். டிரைவ் மாட்டினால் சிங்கிள் ஃபேஸிலேயே ஓடும், வேகத்தையும் குமிழில் குறைக்கலாம் என்றார் அக்கா. “ஆனா ரொம்பக் குறைச்சுறாதீங்க சார். பலமும் குறையும், விசிறி மெதுவாச் சுத்தும், காயில் சூடாயிரும். பெல்ட்டை மாத்தறதுக்குச் சோம்பல்படாதீங்க.” கடைசியில் கெப்பாசிட்டர் வைத்த ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே போதும் என்று ஆனது.

திரும்பி வந்தபோது உதவியாளர் பையன் சக்கில் ஏதோ பிட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கையில் பருத்தி உறை. மேஸ்திரியின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. பையன் உறையைக் கழற்றி வைத்தான். மேஸ்திரி தன் இடது கையை விரித்துக் காட்டினார். மோதிர விரலில் மேல்கணு இல்லை. பதினெட்டு வயதில், வேறொரு பட்டறையில், உறையின் நூல் பிட்டில் சுற்றி இழுத்ததாம். வெறுங்கையாக இருந்திருந்தால் தோல் கிழிந்ததோடு போயிருக்கும் என்றார். கையைக் காக்கப் போடுகிற உறையே சுழலும் மிஷினில் கையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் என்பதை அந்த வயதில் அவருக்கு எவரும் சொல்லவில்லை.

பச்சை மிஷினின் பேரிங்குகளை மாற்றி, குழியை ரீமர் விட்டுச் சுத்தம் செய்து வைக்க ஒரு வாரம் கேட்டார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது நண்பர் வீட்டிலிருந்து ஒரு கொழுப் பட்டையைக் கொண்டுவந்திருந்தார். மேஸ்திரி 20 மி.மீ. பிட்டைச் சாணைக் கல்லில் பிடித்தார். பிட் முனையின் 118 டிகிரிக் கோணத்துக்கு அவரிடம் அளவுகோல் கிடையாது. இரண்டு உதடும் சமமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். பட்டையை வைஸில் இறுக்கி, வைஸை மேசையில் போல்ட் போட்டார். பஞ்ச் அடித்து, முதலில் 6 மி.மீ. துளை. பிறகு பெல்ட்டைக் கடைசிப் படிக்கு இறக்கி, பெரிய பிட்.

சத்தம் அதிகம் இல்லை. பிட்டின் இரு பக்கமும் ஒரே பருமனில் இரண்டு சுருள் எழுந்து, வெண்ணிறப் புகையோடு மேலேறி, முழ நீளத்தில் ஒடிந்து விழுந்தன. மறுபக்கம் வெளியேறும் இடத்தில் மேஸ்திரி கைப்பிடியை மெல்லத் தளர்த்தினார். நண்பர் தன்னையறியாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிட் திணறாமல் இறங்கியது. துளையின் பிசிறைத் தேய்த்துவிட்டு, நண்பர் சட்டைப் பையிலிருந்து போல்ட்டை எடுத்துப் போட்டார். தடையில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

டெம்போவில் ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது. தலைக்கனம் அதிகமான மிஷின், நிற்க வைத்துக் கொண்டுபோனால் வளைவில் கவிழும். மேசையை அடியில் இறக்கி இறுக்கி, பழைய டயர்கள் மேல் தூணைப் படுக்க வைத்துக் கட்டினார்கள்.

மூன்று நாள் கழித்து நான் நண்பரின் கொட்டகையில் இருந்தபோது மேஸ்திரியின் போன் வந்தது. அடிப்பலகைக்குக் காங்கிரீட்டில் போல்ட் போட்டாயிற்று, மட்டம் பார்த்தாயிற்று என்று நண்பர் சொல்லிக்கொண்டே போனார். மேஸ்திரி குறுக்கிட்டார்.

“அதெல்லாஞ் சரிங்க வாத்தியாரே. சக் சாவிக்குத் தனியா ஆணி அடிச்சாச்சுங்ளா? சக்குலயே மாட்டி வெச்சுட்டு சுவிட்ச் போட்டுறாதீங்க.”

நண்பர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுத்தியலைத் தேடப் போனார்.