சேவல், இரட்டைப் புறா, பலாப்பழம்... பின்தங்கியவர் எப்போது வழிவிட வேண்டும்?

1989 சட்டமன்றத் தேர்தல். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, சேலத்தோடுதான் இருந்தது. எம்.ஜி.ஆர். காலமாகி ஓராண்டு கடந்திருந்தது. இரட்டை இலையைத் தேடித் தேடி முத்திரை குத்திப் பழகிய கிராமங்களில், அந்த முறை இரட்டை இலையே கிடையாது. கட்சி இரண்டாக உடைந்ததால் தேர்தல் ஆணையம் சின்னத்தை முடக்கிவிட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. ஒரே கட்சியில் இருந்தவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்று, இரண்டு பறவைகளுக்கு ஓட்டு கேட்டார்கள்.

எடப்பாடி தொகுதியில் சேவல் ஜெயித்தது. குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்த அந்த இளைஞரின் பெயர் கே.பழனிசாமி. முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போனவர். ஆனால் மாநிலம் முழுக்கப் பார்த்தால் இரண்டு அணிக்குமே கொண்டாட எதுவும் இல்லை. தி.மு.க. 150 இடங்களில் ஜெயித்து ஆட்சிக்கு வந்துவிட்டது. ஜெயலலிதா அணிக்கு சுமார் 21 சதவீத வாக்குகளும் 27 இடங்களும். ஜானகி அணி சுமார் 9 சதவீதத்தோடு துடைத்தெறியப்பட்டது. ஆண்டிப்பட்டியில் ஜானகியே தோற்றார்.

அடுத்து நடந்ததுதான் இன்றைக்கும் பேச வேண்டிய விஷயம். எம்.ஜி.ஆரின் மனைவி, 1988 ஜனவரியில் 24 நாள் முதலமைச்சராக இருந்தவர், கட்சித் தலைமை அலுவலகத்துக்குத் தன் சொந்தக் கட்டடத்தையே கொடுத்தவர். "இந்தக் கட்சி எனக்குத்தான்" என்று கோர்ட்டுக்குப் போக அவருக்கு ஆயிரம் காரணங்கள் இருந்தன. அவர் போகவில்லை. சில வாரங்களில் அரசியலிலிருந்து ஒதுங்கினார். அணிகள் இணைந்தன, இரட்டை இலை திரும்பக் கிடைத்தது. மார்ச் மாதமே மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தேர்தல் நடந்தது. இரண்டிலும் இரட்டை இலை ஜெயித்தது. 1991-ல் ஆட்சியே வந்தது. ஜானகி அணியின் மூளை என்று சொல்லப்பட்ட ஆர்.எம்.வீரப்பன், ஜெயலலிதாவின் அந்த அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார்.

தலைவி வழிவிட்டார். பின்னால் நின்றவர்களுக்கும் வழி கிடைத்தது.

அமெரிக்காவில் எப்படி?

கட்சிக்குள் இருவர் மோதும்போது, பின்தங்கியவர் எந்தக் கட்டத்தில் "சரி, நீங்களே இருங்கள்" என்று சொல்ல வேண்டும்? அமெரிக்காவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வரும். அங்கே ஜனாதிபதி வேட்பாளர் யார் என்பதை மேலிடம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாகக் கட்சி ஆதரவாளர்களே ஓட்டு போடுகிறார்கள். அந்த ஓட்டின்படி பிரதிநிதிகள் கிடைக்கிறார்கள். யாருக்கு எத்தனை பேர் என்பது தினமும் பத்திரிகையில் வரும்.

2008-ல் ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் ஐந்து மாதம் மோதினார்கள். பாதி வழியிலேயே ஹிலாரி பின்தங்கிவிட்டார். "விலகுங்கள்" என்று கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. அவர் விலகவில்லை. ஜூன் 3-ம் தேதி கடைசி மாநிலங்களும் ஓட்டு போட்டு, ஒபாமா தேவையான எண்ணிக்கையைத் தாண்டினார். ஜூன் 7-ம் தேதி ஹிலாரி மேடை ஏறி, தன் ஆதரவாளர்களை ஒபாமாவுக்கு வேலை செய்யச் சொன்னார். நவம்பரில் கட்சி ஜெயித்தது. அடுத்த ஆண்டு அவரே வெளியுறவு அமைச்சர்.

1980-ல் நடந்தது வேறு. பதவியில் இருந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து எட்வர்ட் கென்னடி நின்றார். ஓட்டுப்பதிவெல்லாம் முடிந்து, தான் பின்தங்கியது தெரிந்த பிறகும், ஆகஸ்ட் மாநாடு வரை போனார். பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் விதியை மாற்றிப் பார்க்க முயன்றார். அது தோற்றது. நவம்பரில் கார்ட்டர் ரீகனிடம் தோற்றார். விலைவாசி, ஈரான் பிணைக்கைதிகள் என்று தோல்விக்குப் பெரிய காரணங்கள் இருந்தன. ஆனாலும் கடைசி நாள் வரை சொந்த வீட்டுக்குள்ளேயே நடந்த சண்டை அவருக்கு உதவவில்லை.

இரண்டு பேரும் கடைசி வரை போராடியவர்கள்தான். ஹிலாரி எண்ணி முடித்ததும் நின்றார். கென்னடி எண்ணி முடித்த பிறகு விதியை மாற்றப் பார்த்தார். வித்தியாசம் இவ்வளவுதான்.

நம்ம ஊரில் யார் எண்ணுவது?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் கட்சிகளில் பெரும்பாலும் உட்கட்சித் தேர்தல் என்றால் "போட்டியின்றித் தேர்வு" என்றுதான் அர்த்தம். ஓட்டுப் பெட்டியே வராத பந்தயத்தில், தான் தோற்றுவிட்டதாக ஒருவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் மோதலை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். முதல் ரவுண்டு 2017. பிப்ரவரியில் மெரினாவில் தர்மயுத்தம். பிப்ரவரி 18-ல் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் பழனிசாமி பக்கம் 122, எதிர்த்து 11. எண்ணிக்கை வெளிப்படையாகத் தெரிந்தது. மார்ச்சில் இரட்டை இலை மறுபடியும் முடங்கியது. ஆகஸ்ட் 21-ல் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர், கட்சியில் ஒருங்கிணைப்பாளர். பழனிசாமி இணை ஒருங்கிணைப்பாளர். நவம்பரில் சின்னமும் வந்தது. குறைந்த எண்ணிக்கை வைத்திருந்தவர் இறங்கி வந்தார், அதிகம் வைத்திருந்தவர் இடம் கொடுத்தார்.

2020 அக்டோபர் 7-ல் இன்னொரு முறையும் பன்னீர்செல்வம் இறங்கினார். முதலமைச்சர் வேட்பாளர் பழனிசாமி என்று அறிவித்ததே அவர்தான்.

2021-ல் ஆட்சி போனது. கட்சி 66 இடங்களோடு எதிர்க்கட்சி ஆனது. ஆனால் சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 கூட்டணிக்கு வந்தது. சேலம் வடக்கு மட்டும் தி.மு.க.வுக்கு. எடப்பாடியில் பழனிசாமியின் வித்தியாசம் 93 ஆயிரத்துக்கும் மேல். மேற்கே இப்படி ஒரு பலம் தெரிந்த பிறகு, "ஒற்றைத் தலைமை" என்ற குரல் எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

2022 ஜூன் 23. சென்னை வானகரம் பொதுக்குழு. 23 தீர்மானங்களும் நிராகரிக்கப்பட்டன. பன்னீர்செல்வம் பாதியில் வெளியேற, அவர் பக்கமாக தண்ணீர் பாட்டில் பறந்தது. ஜூலை 11-ல் அடுத்த பொதுக்குழு. பழனிசாமி இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆனார், பன்னீர்செல்வம் நீக்கப்பட்டார். அதே காலையில் ராயப்பேட்டை தலைமை அலுவலகத்தில் கல்வீச்சு, கதவு உடைப்பு. அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். ஜானகி கொடுத்த அதே கட்டடம்!

பன்னீர்செல்வம் போராடியது தப்பா?

தப்பில்லை. பொதுக்குழுவில் மிகப் பெரும்பான்மை பழனிசாமி பக்கம் என்பது அன்றே தெரிந்தது. ஆனால் பன்னீர்செல்வத்தின் வாதம் வேறு. தலைமையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் அடிப்படை உறுப்பினர்கள் என்பது எம்.ஜி.ஆர். வைத்த விதி, இருவரும் 2021 டிசம்பரில் அப்படித்தான் ஒன்றாகத் தேர்வானோம், ஒருவரை மட்டும் பொதுக்குழு எப்படி இறக்கலாம் என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2022 ஆகஸ்ட் 17-ல் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொன்னார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதுவரை பந்தயம் முடியவில்லை என்று அவர் நம்பியதில் நியாயம் இருந்தது.

2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். சின்னம் யாருக்கும் கிடைக்காமல் போய்விடும் என்ற நிலை. பன்னீர்செல்வம் தன் வேட்பாளரை வாபஸ் வாங்கினார். இரட்டை இலை களத்துக்கு வந்தது. மூன்று வாரத்துக்குள், பிப்ரவரி 23-ம் தேதி, ஜூலை 11 பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

வழிவிட ஒரு தேதி உண்டென்றால் அது அந்த வாரம்தான். கட்சிக்குள் பெரும்பான்மை இல்லை என்பது தெரிந்தாயிற்று. நாட்டின் கடைசி நீதிமன்றமும் சொல்லியாயிற்று. ஈரோட்டில் கட்சிக்காக இறங்கி வந்தவர் என்ற நல்ல பெயரும் கையில் இருந்தது. அன்றைக்கு ஒதுங்கியிருந்தால் அது தோல்வியாகப் பேசப்பட்டிருக்காது.

அவர் தொடர்ந்தார். மார்ச் 28-ல் பொதுச்செயலாளர் தேர்தலைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது, ஆகஸ்டில் மேல்முறையீடும் தோற்றது. நவம்பரில் கட்சிப் பெயர், கொடி, சின்னம் எதையும் பயன்படுத்தக் கூடாது என்று தடை வந்தது. மூன்று முறை முதலமைச்சராக இருந்தவர், 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் போட்டியில் இருந்தார்கள்.

விலை கொடுப்பது யார்?

தலைவர்களின் சண்டையில் தலைவர்களுக்குப் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. சேலம் மாவட்டத்தில் ஏதோ ஒரு கிளைச் செயலாளரை நினைத்துப் பாருங்கள். 2017-ல் தர்மயுத்தம் என்று கிளம்பியவர் அவர். காவேரிக்கரை ஊரில், அத்தனை பேரும் எடப்பாடியார் பக்கம் நிற்கும்போது, தனி ஆளாக இன்னொருவர் படத்தை பேனரில் போட்டவர். இணைப்பு நடந்ததும் நிம்மதியானார். மகள் கல்யாணப் பத்திரிகையில் இரண்டு தலைவர் படமும் போட்டார். 2022-ல் எந்தப் படத்தை எடுப்பது?

2017-ல் பன்னீர்செல்வத்துக்குத் தோள் கொடுத்த கே.பி.முனுசாமியே 2022-ல் பழனிசாமி பக்கம் நின்றார். பெரியவர்களால் சரியான நேரத்தில் மாற முடிகிறது. கிளைச் செயலாளரால் முடியாது. மாறினால் ஊரில் பேர் கெடும், மாறாவிட்டால் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூடக் கட்சி ஆதரவு கிடைக்காது. எதிர் அணியில் நின்ற சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதற்கே யோசிக்க வேண்டும். தலைவர் இழுத்துக்கொண்டு போகும் ஒவ்வொரு மாதமும் இந்த மனிதரின் கணக்கில்தான் பற்று எழுதப்படுகிறது.

ஜானகி சில வாரங்களில் முடித்ததால் வீரப்பனுக்கும், அவருக்குக் கீழே இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் திரும்பி வர வாசல் இருந்தது. ஆண்டுக்கணக்கில் இழுத்தால் அந்த வாசல் மூடிவிடும்.

ஜெயித்தவருக்கும் கடமை உண்டு

பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டினால் கணக்கு சரியாக வராது. 2022-ல் பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிடப் புது விதிகள் வந்தன. பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், பத்து பேர் வழிமொழிய வேண்டும். மாவட்டச் செயலாளர்கள் எந்தப் பக்கம் என்று ஊருக்கே தெரியும். 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். பெரும்பான்மை அவ்வளவு உறுதியாக இருந்தவருக்கு ஒரு நிஜமான ஓட்டெடுப்பில் என்ன பயம்? நடத்தியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார், தோற்றவரும் பேச்சை நிறுத்தியிருப்பார்.

2022 அக்டோபரில் காங்கிரஸ் தலைவர் தேர்தல் நடந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். மல்லிகார்ஜுன கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072. ஆரம்பத்திலிருந்தே முடிவு தெரிந்த போட்டிதான். ஆனாலும் எண்ணினார்கள். அன்றே தரூர் வாழ்த்து சொன்னார். அடுத்த ஆண்டு காரியக் கமிட்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. தேர்தலில் குறைகள் இருந்ததாகத் தரூர் தரப்பு புகார் சொன்னது உண்மை. ஆனால் எண்ணிக்கை வந்ததும் சண்டை முடிந்தது.

எண்ணாமல் விட்டதன் பலன் ராமநாதபுரத்தில் தெரிந்தது. பலாப்பழம் சுமார் 3.42 லட்சம் ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் பிடித்தது. இரட்டை இலை அதற்கும் கீழே. பொதுக்குழுவில் ஆதரவு இல்லாதவருக்கு வெளியே ஆதரவு இருந்தது. அந்தத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குத் தமிழகம் முழுக்க ஓர் இடம்கூட இல்லை. நாமக்கல்லில் 30 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றது. பிளவு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் வீடு இரண்டாகக் கிடந்தபோது போன தேர்தல் அது.

கடைசியாக மூன்று கேள்விகள்

ஊராட்சித் தலைவர் தேர்தலோ கட்சித் தலைமையோ, பின்தங்கி நிற்பவர் தன்னைத்தானே மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இன்னும் எண்ணப்படாத ஓட்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இருந்தால் நில்லுங்கள், யார் சொன்னாலும் விலகாதீர்கள். இல்லையென்றால், நாம் சண்டை போடுவது ஜெயிப்பதற்கா, ஜெயித்தவரைத் தோற்கடிப்பதற்கா? இரண்டாவது என்றால் நேரம் வந்துவிட்டது. மூன்றாவது, இன்றைக்கு ஒதுங்கினால் நம்மை நம்பி வந்தவர்களுக்கு ஒரு நாற்காலியாவது கேட்டு வாங்க முடியுமா? முடியும் என்கிற கடைசி நாள் எதுவோ, அதுதான் விலக வேண்டிய நாள்.

1989-ல் அந்த நாளை ஜானகி சரியாகக் கண்டுபிடித்தார். சேவலுக்குக் கத்தியவரும் புறாவுக்குக் கத்தியவரும் மறுபடி ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார முடிந்தது அதனால்தான்.