சூடு

என் நாவல்களில் இதுவரை பதினோரு பேரைக் கொன்றிருக்கிறேன். மாரடைப்பு, விபத்து, விஷக் காய்ச்சல் - எல்லாம் கௌரவமான சாவுகள். குடலில் நோய் கண்டு ஒருவரும் இறந்ததில்லை. கதைக்கு லட்சணமான வியாதி அல்ல அது.

போன வருஷம் எனக்கு மலத்தில் ரத்தம் கண்டது. 'சூடு' என்று தீர்மானித்தேன். மோர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்துத் தின்றேன், எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நான்கு மாதம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஊரார் ரகசியத்தையெல்லாம் அச்சில் ஏற்றுகிறவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் வாய் வரவில்லை.

ஒரு நாள் என் மகன் 'பிளாக் பாந்தர்' என்ற அமெரிக்கப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜாவாக வருகிறவர் சாட்விக் போஸ்மன். "இவர் செத்துப் போய்விட்டார், அப்பா" என்றான். விசாரித்துப் படித்தேன். 2016-இல் அவருக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாவது கட்டம். படம் வந்தது 2018-இல். திரையில் அந்த ராஜா சண்டை போடும்போதே நோயாளி! ஊருக்குச் சொல்லாமல் நடித்துக்கொண்டே இருந்து, 2020 ஆகஸ்டில் இறந்தார். வயது 43. என் வயதுதான்.

அவர் ஒருவர் கதை மட்டுமல்ல. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் கணக்குப்படி, அந்நாட்டில் பெருங்குடல், மலக்குடல் புற்று கண்டவர்களில் 55 வயதுக்கு உட்பட்டவர்கள் 1995-இல் நூற்றுக்கு 11 பேர். 2019-இல் 20 பேர். 50 வயதில் தொடங்கவேண்டும் என்றிருந்த பரிசோதனையை 2021-இல் 45-க்கு இறக்கினார்கள். அந்த வயதைக்கூடப் போஸ்மன் எட்டவில்லை.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை நாளாக?" என்றார் அவர்.

"நாலு மாசம். சூடு என்று..."

அவர் சிரிக்கவில்லை. பேதி மருந்து கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்து, குழாய் விட்டுப் பார்த்தார். உட்சுவரில் இரண்டு சிறு முளைகள். பாலிப் என்கிறார்கள். இவற்றில் சில, பல வருஷங்களில் மெல்லப் புற்றாக மாறும். அதற்குள் கண்டுவிட்டால் வெட்டி எறிந்துவிடலாம். என்னுடையவை இன்னும் மாறவில்லை. அதிர்ஷ்டம், என் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை.

"கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கு வயது 38. விவரத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

"எனக்கும் ஆறு மாசமா இருக்கு, அண்ணா. சூடாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்டா. அதை டாக்டர் சொல்லட்டும்" என்றேன்.