காலடியும் கல்லும்

"காலடிப்பேட்டை என்கிறோமே, யாருடைய காலடி?" என்று சிறுவயதில் என் ஆயாவிடம் கேட்டேன். "பெருமாள் நடந்து வந்த ஊருடா இது" என்றார், தறி நெய்த குடும்பத்தில் பிறந்த அவர்.

கல்லூரி நாள்களில் வரலாறு வேறாக இருக்கக் கண்டேன். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலட். அவர் காலத்தில் நெசவாளர்கள் குடியமர்த்தப்பட்ட காலட்பேட்டையே, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆயாவிடம் இதைக் கூற மனம் வரவில்லை.

என் தயக்கத்தைத் தீர்த்தது, தெற்கே உள்ள இராயபுரம். இயேசுவின் சீடரான இராயப்பரின் பெயரால் அமைந்தது அவ்வூர் என்பர். கலிலேயக் கடலில் மீன்பிடித்த சீமோனுக்கு இயேசு இட்ட பெயர் 'கேபா'. அரமேய மொழியில் 'பாறை' என்பது அதன் பொருள். கிரேக்கர் பொருளைப் பற்றிக்கொண்டு 'பெத்ரோஸ்' என மொழிபெயர்த்தனர். ஆங்கிலேயர் கிரேக்கத்தின் ஒலியைப் பற்றிப் 'பீட்டர்' என்றனர். தமிழிலோ அவர் இராயப்பர் ஆனார். கேபாவின் ஒலி அதில் இல்லை. ஆயினும் இராயபுரத்து மீனவர்க்கு அவர் அயலார் அல்லர், தம்மைப்போல் வலைவீசியவர்.

சொல்லின் பிறப்பை அறிவது கல்வி. அது புகுந்த வீட்டில் வாழும் வாழ்வை மதிப்பதும் கல்வியே. இத்தெளிவோடு அன்று மாலை ஆயாவிடம் காலட்டின் கதையைக் கூறினேன். பொறுமையாகக் கேட்டவர், சிரித்தபடி சொன்னார்:

"பேரு தொரையோடதா இருக்கட்டும். குழியில உக்காந்து தறிய மிதிச்சது எங்க காலடிதானே?"