பின்சக்கரம் கட்டுகிறவர்

கோவையில் ஒரு சைக்கிள் பட்டறை. சுவரோரம் பழைய பெயிண்ட் டப்பா ஒன்று. உடைந்த போக்ஸ் கம்பிகளை அதில் போட்டு வைத்திருக்கிறார் பட்டறைப் பெரியவர். ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் முறிந்தவை: ஹப்பின் துளைக்குள் நுழைந்து வளைகிற கழுத்தில். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பகுதி வழவழப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் தெரிகிறது. வழவழப்பான பகுதி, பல நாளாக மெல்ல மெல்ல விரிந்த விரிசல். சொரசொரப்பானது கடைசியில் அறுந்த இடம்.

“ஆள் வெயிட்டுல ஒடஞ்சுதுன்னுதாங்க கொண்டுவருவாங்க. கையில வாங்கிப் பாத்தா லூசா கட்டுன வீலா இருக்கும்” என்றார்.

எடை அதிகமுள்ள ஒருவர் மலை சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிச் சீர்செய்வது என்று கேட்கத்தான் போயிருந்தேன். எந்தப் பிரேம், எந்தக் கம்பெனி என்று நான் கேட்கக் கேட்க, அவர் பேச்சு பின்சக்கரத்துக்கே திரும்பி வந்தது. பொழுது சாய்வதற்குள் எனக்கும் அதுவே சரி என்று பட்டது. சீட்டில் உட்கார்ந்து ஓட்டும்போது பாரத்தில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. பெடலை மிதிக்கிற விசையும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

சக்கரத்தின் கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. ஆள் ஏறியதும், தரைக்கு நேர்மேலே இருக்கிற சில கம்பிகளில் இறுக்கம் குறைகிறது. சக்கரம் சுழலச் சுழல ஒவ்வொரு கம்பியும் சுற்றுக்கு ஒருமுறை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. கட்டும்போதே போதிய இறுக்கம் கொடுத்திருந்தால் எவ்வளவு தளர்ந்தாலும் மிச்சம் இருக்கும். இல்லாவிட்டால் கீழே வரும்போதெல்லாம் கம்பி தொய்ந்து, கழுத்து ஹப்பின் துளையில் ஆடி, ஆயிரக்கணக்கான சுற்றுகளில் களைத்து முறிகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற பொறியாளர் 1981இல் வெளியான ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற நூலில் இதைக் கணக்குப் போட்டு விளக்கியிருக்கிறார். பெரியவர் அந்த நூலைப் பார்த்ததில்லை. அந்த டப்பாவிலிருந்தே அவர் அதே முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

அன்று வேலைக்கு வந்திருந்தது ஒரு பள்ளி ஆசிரியரின் சைக்கிள். அவர் ஆறடி உயரம், 118 கிலோ எடை. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வாங்கிய சைக்கிளில் பின்சக்கரக் கம்பிகள் அடிக்கடி அறுந்திருக்கின்றன. விற்ற கடையில் போய்ச் சொன்னபோது, முதலில் எடையைக் குறையுங்கள், பிறகு வாருங்கள் என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. உடம்பை அசைக்க விரும்பி வருகிற மனிதரைத் திருப்பி அனுப்புவதற்குக் கடை எதற்கு? நம்மூரில் இரண்டு பால் கேன்களையும் அரிசி மூட்டையையும் சுமந்துகொண்டு காலமெல்லாம் ஓடிய சைக்கிள்களுக்கு யாரும் எடை குறைக்கச் சொன்னதில்லை. அந்தப் பழைய ரோட்ஸ்டர்களில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரம் எங்கே விழுகிறது என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர் சிறுவயதில் தொழில் பழகியது அந்த நாற்பது கம்பிச் சக்கரங்களில்தான்.

மலை சைக்கிளின் பிறப்பும் இப்படித்தான். 1970களில் கலிஃபோர்னியாவின் டமால்பைஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் ஓட்டிக்கொண்டு இறங்கியவை கனத்த பழைய ஷ்வின் சைக்கிள்கள். மெலிந்த பந்தய சைக்கிள் அந்தப் பாதையில் தாங்காது என்பதால்தான் அவற்றைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆசிரியரின் சக்கரத்தைப் பெரியவர் பிரித்தார். ஆக்சிலை வெளியே எடுத்துக் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிக் காட்டினார். அடியில் தெரிந்த கீற்று வெளிச்சம் ஏறி இறங்கியது, ஆக்சில் வளைந்திருக்கிறது. காரணம் ஹப்பின் அமைப்பு. விலை குறைந்த மலை சைக்கிள்கள் பலவற்றில் ஃப்ரீவீல், ஹப்பின் மேல் திருகி மாட்டப்படுகிறது. வலப்பக்க பால்ரஸ் அதற்கு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து பிரேம் வரை ஆக்சில் தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கும். கேசட் மாட்டும் ஃப்ரீஹப்பில் வலப்பக்க பால்ரஸ் வெளி ஓரத்துக்கு வந்துவிடுவதால் ஆக்சிலுக்கு அந்த வேதனை இல்லை. எடை அதிகமுள்ளவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இது ஃப்ரீவீலா, கேசட்டா என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கியர் எண்ணிக்கையெல்லாம் அதற்குப் பிறகு.

புதிதாகக் கட்டுவதற்கு அவர் எடுத்தது 36 துளை ஃப்ரீஹப், இரட்டைச் சுவர் ரிம், பித்தளை நிப்பிள். கம்பி, இரு முனையிலும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8. முழுக்கத் தடித்த கம்பிதானே பலம் என்று கேட்டேன். மெலிந்த நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் அதிர்ச்சி கழுத்துக்குப் போகாது என்றார். பழைய ஷிஃப்டர் அப்படியே வேலை செய்ய வேண்டும் என்பதால் ஏழு பல்சக்கரக் கேசட். மிஞ்சும் இடைவெளிக்கு ஒரு ஸ்பேசர்.

ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போகும்படி பின்னினார். மரையில் ஒரு சொட்டு எண்ணெய். பிறகு ஸ்டாண்டில் மாட்டிக் கால் திருகு, அரைத் திருகாக இறுக்கிக்கொண்டே போனார். இடவலக் கோட்டம், மேல்கீழ் ஏற்ற இறக்கம், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நடுநடுவே விரல் நகத்தால் கம்பிகளைச் சுண்டுவார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதியில் பேச வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அங்கே நிற்பார். கடைசியில்தான் இறுக்கம் அளக்கும் மீட்டர் வெளியே வந்தது. வலப்பக்கம் 110 முதல் 120 கிலோ வரை. கேசட்டுக்கு இடம்விட்டு ரிம்மை நடுவில் நிறுத்த வேண்டியிருப்பதால் இடப்பக்கம் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். தளர்ந்த சக்கரங்களில் இடப்பக்கக் கம்பிகள் சீக்கிரம் முறிவது அதனால்தான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டு, இணையாக ஓடும் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து முழு பலத்தோடு நெரித்தார். ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. கம்பியில் ஏறியிருந்த முறுக்கு விடுபடுகிறது, கழுத்து ஹப்பில் சரியாகப் படிகிறது. சக்கரம் லேசாகக் கோணியது. மறுபடி நேராக்கினார், மறுபடி நெரித்தார். நெரித்த பிறகும் கோணாமல் நின்றபோதுதான் ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். தொழிற்சாலையிலிருந்து வரும் விலை குறைந்த சக்கரங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வேலை.

மற்றவற்றை வேகமாகவே முடித்தார். முன் ஃபோர்க்கில் இருந்தது சாதாரண ஸ்பிரிங். மேலே உள்ள திருகைத் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகாது, முன்னழுத்தம்தான் கூடும். 118 கிலோவுக்கு அது அடிவரை போய் இடிக்கும். காற்று நிரப்பும் ஃபோர்க் என்றால் ஆளின் எடைக்கேற்ப அழுத்தம் வைக்கலாம்: 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஃபோர்க், ஆள் ஏறி நின்றதும் 20 மில்லிமீட்டர் அளவில் இறங்கி நிற்க வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் மோசமான சஸ்பென்ஷனைவிட அசையாத ஸ்டீல் ஃபோர்க் மேல் என்பது அவர் கட்சி, என் கட்சியும். சீட் கம்பியை அதில் பொறித்திருக்கும் கோட்டுக்கு மேல் உயர்த்தவே கூடாது. டயர் 2.4 அங்குலம், காற்றைக் குறைத்தால் கல்லில் ரிம் அடிபடும். புதிதாக வாங்குகிறவர்கள் கையேட்டில் எடை வரம்பைப் படிக்க வேண்டும். அது ஆளுக்கு மட்டுமா, சைக்கிளும் பையும் சேர்த்தா என்பதையும் பார்க்க வேண்டும்.

கூலி கேட்கும் முன்பே, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறு இறுக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். அதற்குத் தனிக் காசு இல்லை. அரைநாள் உழைப்புக்கு அவர் கேட்ட தொகை மிகக் குறைவு என்று நான் சொன்னேன். இதையே அதிகம் என்று சொல்லிப் போகிறவர்கள்தான் நிறைய என்றார். ஆசிரியர் பேரம் பேசவில்லை.

மிச்சமிருந்தது பிரேக். டிஸ்க் 160 மில்லிமீட்டர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். அந்த எடைக்கு முன்னால் 203, பின்னால் 180 வேண்டும், ஃபோர்க் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். ஃபோர்க்கையும் டிஸ்க்கையும் சேர்த்து அடுத்த மாதம் மாற்றுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார்.

“அதுவரைக்கும் ஏர்றது எவ்வளவு வேணாலும் ஏறுங்க வாத்தியாரே. எறங்கறப்ப மட்டும் மண்டிக்குக் காரட் ஏத்திட்டு வர்ற வண்டி எதுலயாச்சும் சைக்கிளைப் போட்டுக் கொண்டாந்துருங்க” என்றார் பெரியவர்.